சாவே இல்லாத ஆஸ்பத்திரி

இங்கிலாந்தில், ஹடர்ஸ்பீல்டு ஊரில், ஒரு வீட்டின் மாடியறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஆஸ்பத்திரி நடத்துவதுதான் டேரன் ஓல்ட்ராய்டின் பிழைப்பு. விளையாட்டு ஆஸ்பத்திரிதான். ஆனால் அவன் ஆடுவதை நேரலையில் தினமும் மதியம் ஆயிரத்து இருநூறு பேர் பார்த்தார்கள். அவர்கள் எழுதி அனுப்புவதை, பக்கத்து நாற்காலியில் இருக்கும் அவன் காதலி லியான் உரக்கப் படிப்பாள். ஒரு வருஷம் விடாமல் பார்த்தவருக்கு ஒரு மரியாதை உண்டு. அவர் பெயரில் ஒரு நோயாளி அந்த ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வார்.

அந்தப் புதன்கிழமை டேரனுக்கு ஒரு சாதனை பாக்கி இருந்தது. விளையாட்டுக் கணக்கில் இருபது வருஷம், ஒரு சாவுகூட விழாமல் ஆஸ்பத்திரியை ஓட்ட வேண்டும். உலகத்தில் இதுவரை யாரும் செய்ததில்லை. பத்தொன்பது முடிந்துவிட்டது. இன்னும் நாற்பது நிமிஷம் தாக்குப் பிடித்தால் போதும்.

இதில் வைத்திய சாமர்த்தியம் எதுவும் கிடையாது. பிழைக்க மாட்டான் என்று தெரிந்த நோயாளியைப் பிடித்து ‘வீட்டுக்கு அனுப்பு’ பொத்தானை அழுத்திவிட வேண்டும், அவ்வளவுதான். அவன் தட்டுத் தடுமாறி வாசலைத் தாண்டி விழுந்து செத்தால், அந்தச் சாவு ஆஸ்பத்திரியைச் சேராது. விளையாட்டை எழுதியவர்கள் அடைக்க மறந்த ஓட்டை அது. கேடுகெட்ட வித்தைதான். பார்க்கிறவர்கள் அதற்காகத்தான் வந்தார்கள்.

காலையில் பாலின் கிராப்ட்ரீயிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்திருந்தது. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், வயது அறுபத்து மூன்று. ஒரு வருஷம் விடாமல் பார்த்ததால், அவர் பெயரிலும் ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளி உண்டு. ‘கண்ணு, இன்னிக்கு மதியம் ஒரு மணிக்கு எனக்கு ஆபரேஷன். ஏற்கெனவே ரெண்டு தடவை தள்ளிப் போட்டாச்சு, இதுக்கு மேல தாங்காதுன்னு டாக்டரே சொல்லிட்டார். மயக்கம் தெளிஞ்சதும் உன் ஆட்டத்தைப் போட்டுப் பார்ப்பேன். நம்ம பாலினை மட்டும் வெளியே அனுப்பிடாதப்பா. சும்மா ஒரு சகுனம்னு வெச்சுக்கோ.’

‘ராணி மாதிரி பார்த்துக்கறேன், சத்தியம்’ என்று டேரன் பதில் போட்டான். போடும்போது மனசாரத்தான் போட்டான்.

கடைசி வருஷத்தின் பாதியில் நிலநடுக்கம் வந்தது. திரை குலுங்கி அடங்கியபோது இரண்டு ஆபரேஷன் அறைகளில் ஒன்று புகைந்துகொண்டிருந்தது. மிச்சமிருந்த அறையின் வாசலில், பச்சை ஸ்வெட்டர் போட்ட பொம்மைப் பாலின் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தாள். அவள் தலைக்கு மேலிருந்த உயிர்க்கோடு சிவப்பாகியிருந்தது.

அப்போது பார்த்து ஹெலிகாப்டர் இறங்கியது. அவசர நோயாளிகள் எட்டுப் பேர். எட்டுப் பேருக்கும் ஆபரேஷன், அதுவும் குறித்த நேரத்துக்குள். ஹெலிகாப்டரில் வந்தவர்களை வீட்டுக்கு அனுப்ப விளையாட்டு விடாது, நேரம் தப்பினால் மிஞ்சியவர்கள் அங்கேயே சாவார்கள். டேரன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். பாலினை உள்ளே விட்டால் எட்டாவது ஆளுக்கு நேரம் இருக்காது. காக்க வைத்தால் பாலின் பெஞ்சிலேயே செத்துப்போவாள். எப்படிப் பார்த்தாலும் ஒரு சாவு.

“‘கிழவியைத் தூக்குடா’ன்னு ஒருத்தன். ‘கதவைத் திற, காத்து வரட்டும்’னு இன்னொருத்தன்” என்று லியான் படித்தாள். பிறகு மைக்கைக் கையால் பொத்திக்கொண்டாள். “டேரன், வேணாம். சத்தியம் பண்ணியிருக்கே.”

“அவங்க இப்ப மயக்கத்துல கிடப்பாங்க லியான். எழுந்து கேட்டா ஏதாவது கதை விட்டுக்கலாம்.”

“பாவம்டா.”

“பத்தொன்பது வருஷத்தை ஒரு பொம்மைக்காக விடச் சொல்றியா?”

பொத்தானை அழுத்தினான். பொம்மைப் பாலின் எழுந்தாள். ஹெலிகாப்டர் கும்பலுக்கு வழிவிட்டு, சுவரோரமாக நடந்து வாசலைத் தாண்டினாள். பத்தடி போனதும் சுருண்டு விழுந்தாள். ஆயிரத்து இருநூறு பேரும் சிரித்துத் தள்ளினார்கள்.

எட்டுப் பேரும் பிழைத்தார்கள். வருஷம் முடிந்தது. ‘சாவு: பூஜ்யம்’ என்று திரையில் வந்ததும் காகிதப் பூ கொட்டியது. டேரன் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினான். செய்தி பரவி, பார்ப்பவர்கள் மூவாயிரம் பேரானார்கள்.

லியான் மட்டும் கத்தவில்லை. “பாலின் எழுதியிருக்காங்க” என்றாள்.

“எந்தப் பாலின்?”

அவள் படித்தாள். மைக் திறந்துதான் இருந்தது. “‘வாழ்த்துக்கள் கண்ணு. முழுசும் பார்த்தேன். மோட்டார்வே ரோட்டுல ஏதோ பெரிய விபத்தாம், அடிபட்டவங்களுக்கு ஆபரேஷன் அறை வேணுமாம். அங்கி மாட்டிப் படுக்க வெச்ச என்னை எழுப்பி வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அடுத்த தேதி எப்போன்னு சொல்லலை. பஸ்ஸுக்காக வெளியே உட்கார்ந்திருக்கேன்.’”

 அடுத்த நொடியே அணை உடைந்தது. ‘பாட்டி பின்னிட்டா!’ ‘பத்தடிக்கு மேல நடக்காதீங்க பாலின்!’ மூவாயிரம் பேரும் அதை நகைச்சுவை என்றே எடுத்துக்கொண்டார்கள்.

அது நகைச்சுவையில்லை என்று தெரிந்தவர்கள் அந்த அறையில் இரண்டு பேர். லியான் டேரனையே பார்த்தாள். நிஜம்தான் என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் திரையில் சிரிப்பு ஓடிக்கொண்டே இருந்தது, இத்தனை பேர் அவனைப் பார்த்து ஒருநாளும் சிரித்ததில்லை.

“பாலின், இந்த வருஷத்தோட ஜோக் இதுதான்!” என்று கத்தி, அவருடைய செய்தியை எல்லோரும் பார்க்கும்படி திரையின் உச்சியில் நிலையாக மாட்டி வைத்தான்.

கொஞ்ச நேரம் கழித்து, அதற்குக் கீழே பாலினும் ஒரு சிரிக்கிற முகம் போட்டார்.