சவ்வு தேய்ந்த பிறகு

டிரைவரின் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டபோது மருத்துவமனையில் இரண்டு வழி சொன்னார்கள். ஒன்று, வாரத்தில் மூன்று தடவை வந்து படுத்து, இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்வது. இன்னொன்று, வீட்டிலேயே வயிற்றுக்குள் குழாய் வழியாகச் சர்க்கரை கலந்த நீரை விட்டு, சில மணி நேரம் வைத்திருந்து வெளியே எடுப்பது. அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. தையல் மெஷினை மூடிப் போட்டுவிட்டு ஊரார் கட்டிலில் போய்ப் படுத்துக் கிடக்க அவளால் ஆகாது.

பயிற்சி கொடுத்த சிஸ்டர் பொறுமைசாலி. குடலைப் போர்த்தி மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது, அதன் நுண்ணிய வழிகளில் ரத்தத்தின் கழிவு இறங்கி வரும், உடம்பில் மிஞ்சிய நீரைச் சர்க்கரை இழுத்துக்கொள்ளும் என்று படம் போட்டுக் காட்டினார். டிரைவர் விடவில்லை. வெறும் சவ்வு எப்படி வேலை செய்யும் என்று திருப்பித் திருப்பிக் கேட்டார்.

"உடம்புல ஒவ்வொரு செல்லும் இதைத்தான் செய்யுது சார். எதை உள்ளே வைக்கணும், எதை வெளியே தள்ளணும்னு அதுக்குத் தெரியும். பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும், சோடியத்தை வெளியே அனுப்பும். நாம தூங்கினாலும் அது தூங்காது. ஆனா வெளியே வந்து மிஞ்சிப்போனதைக் கழிக்கிறதுக்குக் கிட்னி வேணும். அது இல்லாததால நாம கை கொடுக்கிறோம், அவ்வளவுதான்."

நெடுந்தூரப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தவர், டிப்போவில் உட்கார்ந்து பார்க்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மத்தியானம் அவளுக்கு நீர் மாற்றச் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர் கிளம்பும்போது, "டிரைவருக்கு வீட்டு ரூட் வந்தாச்சு" என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, முகமூடி கட்டி, பழைய நீரைக் கீழே வடியவிட்டு, சர்க்கரை நீர் நிறைந்த புதுப் பையை ஆணியில் மாட்டுவார். அந்த நேரத்தில் அவர்களுக்குப் பேசுவதைத் தவிர வேறு வேலை இல்லை. அதற்கு முன்பு எங்கே பேசினார்கள்? அவர் வீட்டுக்கு வருவதே துணி மாற்றத்தான். "கல்யாணம் கட்டி, பொண்ணைப் பெத்து, அவளையும் கட்டிக் குடுத்த பிறகு இப்பத்தான் உங்க முகத்தை நேராப் பார்க்கிறேன்" என்றாள் அவள் ஒரு நாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். அவருக்குத்தான் சுருக்கென்றது.

உணவில் கட்டுப்பாடு ஏராளம். தண்ணீர் அளந்துதான். உப்பு பெயருக்குத்தான். பொட்டாசியம் மிகுந்த வாழைப்பழம், ஆரஞ்சு வாசல்படி ஏறக் கூடாது. "உப்பைத் தின்னவன் தண்ணி குடிக்கணும்னு சொல்லுவாங்க. உப்பையே தின்னாம தண்ணிக்குத் தவிக்கிறவ உலகத்துலயே நான் ஒருத்திதான்" என்பாள். அவளுக்குக் கிடையாதது தனக்கும் வேண்டாம் என்று அவர் பழத்தைத் தொடுவதையே விட்டுவிட்டார். அவளிடம் சொன்னதில்லை. தனக்குப் பழம் பிடிக்காமல் போய்விட்டதாகச் சொல்லி வைத்திருந்தார்.

இப்படியே சில வருடங்கள் ஓடின. பிறகு, வெளியே வரும் நீர் குறைய ஆரம்பித்தது. வடிந்த பையைத் தராசில் தொங்கவிட்டால் உள்ளே விட்ட அளவுகூடத் தேறவில்லை. டிரைவர் சர்க்கரை அதிகமுள்ள பையைப் போட்டுப் பார்த்தார். அதற்கும் அசையவில்லை. அவள் கட்டிலில் இருந்தபடி, எவ்வளவு வந்திருக்கிறது என்று கேட்பாள். முதல் நாள் கொஞ்சம் கூட்டிச் சொன்னார். மறுநாள் இன்னும் கொஞ்சம். அப்படியா, நல்லதாப் போச்சு என்பாள் அவள். ஒரு வாரம் கழித்து, செருப்புக்குள் நுழையாத வீங்கிய பாதத்தைப் போர்வைக்குள்ளிருந்து எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"தராசு பொய் சொல்லாதுங்க. நீங்கதான் சொல்றீங்க."

அவர் அந்தப் பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். விரலால் அழுத்தினால் விழுந்த குழி மேலெழவே இல்லை.

பரிசோதனை செய்துவிட்டு சிஸ்டர்தான் சொன்னார். வருடக்கணக்காகச் சர்க்கரை நீரில் ஊறி ஊறிச் சவ்வு மாறிப்போய்விட்டது. சர்க்கரையைப் பிடித்து நிறுத்த அதற்குத் தெம்பு இல்லை. எல்லாம் சட்டென்று ரத்தத்துக்குள் போய்விடுவதால், நீரை இழுக்க வயிற்றில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. தன் கையில்தான் ஏதோ பிசகு என்று டிரைவர் பிடிவாதமாகச் சொன்னார். "இவ்வளவு வருஷம் ஒரு தடவைகூட சீழ் பிடிக்காம பார்த்துக்கிட்டது நீங்கதான் சார்" என்று சொல்லிவிட்டு, சிஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இயந்திரத்தில் போட்டுப் பார்த்தார்கள். அவளுடைய இதயம் ஏற்கெனவே பலவீனம். முதல் தடவையே ரத்த அழுத்தம் விழுந்து கண் செருகியது. அடுத்த தடவை பிழைத்ததே மறுபிறப்பு. நினைவு திரும்பியதும், போதும், வீட்டுக்குப் போகலாம் என்றாள். டாக்டர் எதையும் மறைக்கவில்லை. நிறுத்தினால் என்ன ஆகும் என்பதைச் சொன்னார், மூச்சுத் திணறாமல் இருக்க மருந்தும் தந்தார்.

மகள் வந்து இறங்கினாள். வேறு ஊர், வேறு டாக்டர், கடைசி முயற்சி என்று அப்பாவைக் கூடத்தில் நிறுத்தி வைத்துச் சண்டை போட்டாள். உள்ளேயிருந்து அம்மா கூப்பிட்டாள். மகள் போய் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். என்ன பேசினார்களோ, வெளியே வந்தபோது முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அம்மாவுக்கு ஆரஞ்சு வேணுமாம்" என்றாள்.

டிரைவர் முடியாது என்றார். அதில் ஒரு சுளையே அவளுக்கு விஷம் என்று அவருக்கு மனப்பாடம். கட்டிலருகே போய் நின்று அதையே அவளிடமும் சொன்னார்.

"இனிமே எதுக்குங்க பயம்?" என்றாள் அவள். "நீங்களே உரிச்சுக் குடுங்க."

கடைத்தெருவுக்கு நடந்தே போனார். கூடையில் கிடந்ததில் நல்லதாக ஒன்றைப் பொறுக்க அவருக்குத் தெரியவில்லை. பழம் வாங்கி அவ்வளவு காலமாகிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் பழக்கத்தில் கையைக் கழுவினார். உரித்தார். வெள்ளை நாரை ஒவ்வொன்றாக எடுத்தார், விதையை நீக்கினார். எல்லாம் முடிந்த பிறகும் நீட்ட மனம் வராமல் சுளையைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். இதைக் கொடுத்தால், நீ போகலாம் என்று தானே சொன்னது போல ஆகிவிடும். அவள் அவசரப்படுத்தவில்லை. கையை மட்டும் விரித்து வைத்திருந்தாள். கடைசியில் கொடுத்தார்.

கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். சாறு உதட்டோரம் வழிந்தது.

"நீங்களும் எடுத்துக்கோங்க. பிடிக்காமப் போச்சுன்னு சொன்னதை நான் நம்பிட்டேன்னா நினைச்சீங்க?"

அவர் ஒரு சுளையை வாயில் போட்டார். விழுங்க முடியவில்லை. எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். அவள் மீதியைத் தின்று முடித்தாள்.

சில நாட்களில் அவளுக்குப் பேச்சு குளறியது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருக்கும் என்று சிஸ்டர் தொலைபேசியில் மெதுவாகச் சொன்னார். அது இதயத்தை நிறுத்தினால் வலி தெரியாது என்றும் சொன்னார். ஒரு மத்தியானம், மலைப்பாதையில் பேருந்து ஓட்டிய கதையைச் சொல்லச் சொன்னாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அடிவாரத்திலிருந்து ஆரம்பித்தார். வளைவுகள், பனி, குறுக்கே வந்து நின்ற யானை. ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தவள் பாதி மலையில் ம் கொட்டுவதை நிறுத்திவிட்டாள். அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை. கடைசி ஊரில் பயணிகளை இறக்கிவிடும் வரை சொல்லி முடித்துவிட்டுத்தான் மகளைக் கூப்பிட்டார்.

காரியங்கள் முடிந்து வீடு அடங்கியிருந்தபோது, மாதா மாதம் சர்க்கரை நீர்ப் பைகளைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவரும் வேன் வாசலில் வந்து நின்றது. இனி அனுப்ப வேண்டாம் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. இறக்குகிறவன் வழக்கம்போல, அம்மா எப்படி இருக்காங்க என்று கேட்டான். நல்லா இருக்கா என்பதுபோல டிரைவர் தலையை ஆட்டினார். அவன் சிரித்துவிட்டு, அத்தனை பெட்டிகளையும் சுவரோரமாக அடுக்கிவிட்டுப் போனான்.

மகள் வந்து பார்த்து அதிர்ந்துபோனாள். ஏன் திருப்பி அனுப்பவில்லை என்று கேட்டாள்.

"அவன்கிட்ட சொல்ல வாய் வரலைம்மா" என்றார் அவர், பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்தபடி.

அவள் பெட்டிமேல் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.