எதிர்வண்டி இல்லாத ரோடு

முசரவாக்கம் பக்கம் ஒரு நாளைக்கு நாலு நடை ஜல்லி லாரி ஓட்டுகிறேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து கை கால் கழுவி, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மறுபடியும் லாரி ஓட்டுகிறேன். கேட்டவர்கள் சிரிக்கிறார்கள்.

கம்ப்யூட்டர் என் மச்சான் உமாபதி கொடுத்தது. சேலை பார்டருக்கு அதில்தான் டிசைன் போடுவான். புதிது வாங்கியதும் பழையதை எங்கள் வீட்டில் இறக்கிவிட்டான். அதில் லாரி கேம் திக்கித் திக்கி ஓடியது. கிராபிக்ஸ் கார்டு தாங்கவில்லை என்று மழையை நிறுத்தினான், மரங்களை எடுத்தான், மற்ற வண்டிகளையும் எடுத்தான். அப்புறம் வழுக்கிக்கொண்டு போயிற்று. தினமும் அரை மணி நேரம், ஒருவரும் ஹாரன் அடிக்காத ரோடு. என் பிழைப்பில் வேறெங்கே அது கிடைக்கும்?

போன ஞாயிற்றுக்கிழமை வேறொரு கார்டோடு வந்தான்.

“மாமா, இது நூத்தி இருபத்தெட்டு எம்பி. ரெண்டு நாள் ஓட்டிப் பாரு. புடிச்சா வெச்சிக்கோ, பாதி வெல குடு போதும்.”

மாட்டினான். மழை வந்தது, மரம் வந்தது. எனக்குத் தெரியாத இங்கிலீஷ் எழுத்தில் ஊர்ப்பலகை வந்தது. வண்டிகளும் வந்தன, எல்லாம் என் மூக்குக்கு நேராக. கேமில் வருகிற அந்த நாட்டில் வலது பக்கம்தான் ஓட்ட வேண்டுமாம். ஆறு மாதமாக நம்மூர்போல இடது பக்கமே போயிருக்கிறேன், சொல்ல ஆளில்லை. எதிரே வந்த டேங்கர் லாரியும் நானும் முட்டிக்கொண்டு நிற்க, இரண்டு பக்கமும் வண்டிகள் வரிசை கட்டின.

“இன்னாய்யா, அங்கியும் கருட சேவை டிராபிக்கா?” என்றாள் என் மனைவி இந்திராணி.

செவ்வாய்க்கிழமை உமாபதி வந்தான். “எப்டி மாமா, நெஜம் மாதிரியே இருக்குதா?”

“அப்டியே இருக்குதுபா. கழட்டிக்கினு போ.”

“வண்டிங்கள நிறுத்திடலாம் மாமா.”

“நிறுத்திட்டா?”

“பழசு மாதிரி ஆயிடும்.”

“அதுக்குப் பழசே இருக்குதே!”

அவன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். இந்திராணி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“டேய், கைய வெக்காதடா. மழ நல்லா பெய்யுது. இந்த மனுஷன் இருவது வருஷமா வண்டி ஓட்றாரு, ஒரு நாள் என்ன முன் சீட்ல ஒக்கார வெச்சி இட்டுக்கினு போனாரா?”

உமாபதி ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போட்டான். பாதி விலையை அவளே கொடுத்தாள்.

இப்போது தினமும் பக்கத்தில் உட்காருகிறாள். “பிரேக் போடுய்யா”, “அவன் போவட்டும் வுடு”, “தூங்கிக்கினே ஓட்றியா?” க்ளீனர்கூட என்னை இப்படிப் பேசியதில்லை. நேற்று மறதியில் இடது பக்கம் ஏறிவிட்டேன். டேங்கர் நேராக வர, “ஐயோ” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இன்றைக்கு மறதி ஒன்றுமில்லை. தெரிந்தேதான் இடது பக்கம் போனேன்.