மைனஸ் பதினெட்டு மீட்டர்

மீட்டர் என்று எல்லோரும் கூப்பிட்ட அந்த மனிதர் வாழ்க்கையில் எதையும் அளந்ததில்லை. மைத்துனன் கடற்கரைமேல் ட்ரோன் பறக்கவிட்டுப் படம் எடுப்பான். படத்தின் ஓரத்தில் உயரம், வேகம், தூரம், பேட்டரி என்று எண்களை ஒட்டுவது இவர் வேலை. ட்ரோன் தன் பயணத்தை நொடிக்கு நொடி தானே பதிந்துகொள்ளும். அதைப் படத்தோடு இம்மி பிசகாமல் பொருத்த வேண்டும். பிசகினால், ஏறுகிற ட்ரோன் இறங்குவதாக எண் சொல்லும். பார்க்கிறவனுக்குத் தலை சுற்றும்.

மனைவி போய்ச்சேர்ந்தபிறகு அந்த மூன்றாம் மாடி அறைக்கு ஏறிவருகிற ஒரே ஜீவன் இந்த மைத்துனன்தான். வாரம் ஒருமுறை மெமரி கார்டோடு வருவான், தேநீர் குடிப்பான், மாடிப்படியைத் திட்டுவான், போவான். அவன் குடித்த கோப்பையை மீட்டர் உடனே கழுவமாட்டார். மேசையில் இரண்டு கோப்பை இருந்தால் வீட்டில் ஆள் இருப்பதுபோலத் தெரியும். ஈக்களே ஏமாந்தன.

ஒருநாள் அவன், "முட்டி தேயுது மாமா. இனிமே எல்லாத்தையும் நெட்லயே அனுப்பிடறேன்" என்றான்.

"அனுப்பு, அனுப்பு. எனக்கும் டீத்தூள் மிச்சம்" என்றார் மீட்டர், வீராப்பாக.

அனுப்பினான். அன்று மணல் பறந்ததால் கடலோர விடுதியின் மொட்டைமாடியிலிருந்து ட்ரோனைக் கிளப்பியிருந்தான். ட்ரோனுக்குக் கிளம்பிய இடம்தான் பூஜ்யம். ஆகவே அது கீழே இறங்கி அலையை உரசியபோது, உயரம் மைனஸ் பதினெட்டு மீட்டர் என்று பதிவாகியிருந்தது. கட்டடத்தின் உயரத்தைக் கூட்டிவிட்டால் சரியாகிவிடும். மீட்டர் தூக்கத்தில் செய்கிற வேலை. ஆனால் கூட்டவில்லை. தப்பைப் பார்த்ததும் குதித்துக்கொண்டு வருவான், சண்டைக்காவது வரட்டும் என்று அப்படியே அனுப்பிவிட்டு அடுப்பில் தண்ணீர் வைத்தார்.

மைத்துனன் பார்க்காமலே, படம் எடுக்கச் சொல்லியிருந்த விடுதிக்காரனுக்குத் தள்ளினான். விடுதிக்காரன் பார்க்காமலே உலகத்துக்குத் தள்ளினான். உலகம் பார்த்தது. கடலுக்கடியில் பறக்கும் ட்ரோன்! படத்தில் வானம் தெரிகிறதே என்று கேட்டவர்களை, தண்ணீர் அவ்வளவு தெளிவு என்று மற்றவர்கள் அடக்கினார்கள். நீச்சல் வாத்தியார் ஒருவர் அது மூச்சுப்பிடிக்கும் அழகை மெச்சினார். ஒரு மீன் கம்பெனி, வலைக்குப் பதிலாக வாடகைக்குக் கிடைக்குமா என்று விசாரித்தது.

மைத்துனன் போனில் கத்தினான்: "என்ன மாமா பண்ணி வச்சிருக்கீங்க?"

"ஏன், நேர்ல வந்து கேக்கக் கால் இல்லையா?"

"நேரம் எங்க இருக்கு! பேட்டி எடுக்க வரிசையா நிக்கறாங்க. வச்சிடறேன்."

முதல் பேட்டியில் மழுப்பினான். அடுத்ததில் சிரித்தான். அதற்கடுத்ததில் அவனே நம்பிவிட்டான். மாதங்கள் போயின. படியில் காலடி கேட்கும்போதெல்லாம் மீட்டர் காதைத் தீட்டிக்கொண்டார். எல்லாக் காலடியும் கீழ்வீட்டுக் கதவோடு நின்றன.

கடைசியில் விடுதிக்காரன், விருந்தினர் முன்னால் செய்துகாட்டச் சொன்னான். மைத்துனனும் தயங்கவில்லை. ட்ரோன் கம்பீரமாகக் கடலுக்குள் போனது. வெளியே வரும்போது மட்டும் ஒரு ஆள் முங்கித் தூக்கிவர வேண்டியிருந்தது.

மறுநாள் காலை காலடிச் சத்தம் மூன்றாம் மாடிவரை ஏறிவந்தது. கையில் தண்ணீர் சொட்டும் பை.

"ட்ரோன் போயிடுச்சு மாமா. கார்டு பொழச்சிருக்கு. கடைசியா ஒரு தடவை எண் போட்டுக் குடுங்க."

"எங்கேயிருந்து கிளப்பின?"

"மணல்லேர்ந்துதான்."

அப்படியென்றால் இந்த மைனஸ் சத்தியமான மைனஸ். கைக்கடங்கிய அந்தச் சின்ன வேலையை மீட்டர் மாலைவரை இழுத்தார். எழுத்தின் நிறத்தை மாற்றினார், மறுபடி பழைய நிறத்துக்கே வந்தார். மைத்துனன் கொட்டாவி விட்டபடி உட்கார்ந்திருந்தான்.

முடிந்ததும் எழுந்து செருப்பை மாட்டினான். "ஒண்ணு கேக்கணும் மாமா. அன்னைக்கு ஏன் கூட்டாம விட்டீங்க? உங்களுக்குத் தெரியாததா?"

"நீ சண்டை போட வருவேன்னு பாத்தேன்."

"வான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வந்திருப்பேனே!"

மீட்டர் மௌஸின் வயரைச் சுற்றி வைத்தார். பிறகு பிரித்தார். "சரி, வா. அடுத்த வாரம்."

"எதுக்கு? ட்ரோனே இல்லையே."

"சும்மாதான்."

கடலுக்கடியில் ட்ரோன் பறந்ததாக ஊரையே நம்பவைத்தவன், இதை நம்பக் கொஞ்சம் சிரமப்பட்டான்.

"மூணு மாடி மாமா" என்றான்.

"மெதுவா ஏறி வா. நான் எங்கேயும் போகல."