மாப்பிள்ளை வளர்த்த பாசி

பாசியைச் சுரண்டியே மாடி வீடு கட்டியவர் கான்ட்ராக்டர். மொட்டைமாடி ஒழுகினாலும் சுவர் ஊறினாலும் ஊரில் பாதிப் பேர் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, மருந்தடித்து, மேலே பூச்சும் பூசிவிட்டு, "இனி இந்தச் சுவருல ஒரு பச்சப் புள்ளி தெரிஞ்சா என் பேர மாத்திக்கறேன்" என்பார். அப்பேர்ப்பட்ட மனிதருக்கு வாய்த்த மாப்பிள்ளை, அவர் வீட்டு மாடியிலேயே குடியிருந்துகொண்டு பாசி வளர்த்தான்.

மாப்பிள்ளைக்குக் காது மிஷின் விற்கும் கடையில் வேலை. நாள் முழுக்கக் காது மந்தமானவர்களோடு பேசிப் பழகி, வீட்டிலும் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்தி, எதிராளியின் முகத்தைப் பார்த்தே பேசுவான். கான்ட்ராக்டருக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். "எனக்கு ரெண்டு காதும் நல்லாத்தான் இருக்குன்னு உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லிவை" என்று மகளிடம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்.

போதாததற்கு ஓர் ஆமை. கூடத்தில் பெரிய கண்ணாடித் தொட்டி, பாதி தண்ணீர், பாதி கல்மேடு, மேலே விளக்கு. உள்ளங்கை அகல ஆமை அந்த விளக்கடியில் கிடந்துகொண்டு வருகிறவர் போகிறவரையெல்லாம் முறைக்கும். வேலை எதுவும் செய்யாமல் முறைப்பதால் கான்ட்ராக்டர் அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்தார். கேலிக்கு வைத்த பெயரை மகளும் மாப்பிள்ளையும் செல்லப்பெயராக எடுத்துக்கொண்டார்கள். அவருக்கு மூஞ்சி தொங்கிப்போனது.

அந்தக் கல்மேட்டில்தான் மாப்பிள்ளை பாசியை ஒட்டவைக்கப் பார்த்தான்.

"மாமா, இது பாசி இல்ல. மாஸ்."

"என்னது?"

"ஈரத்துல வர்ற சின்னச் செடி. வெல்வெட் மாதிரி இருக்கும். ஆமைக்குக் காலடி மெத்துனு இருக்கும்ல."

"நான் செருப்புக் காலால தேய்ச்சுத் தள்றது. அதுக்கு ஒரு மாஸு!"

கடையில் வாங்கி வந்த முதல் கட்டி விளக்குச் சூட்டில் பொரிந்து தூளானது. இரண்டாவதைத் தண்ணீரோடு ஒட்டி வைத்தான், அழுகி நாறியது. அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு படியிறங்கும்போது மனசுக்குள் ஒரு குளிர்ச்சி. பாசி தானாக வருவது. அதை வா வா என்று கெஞ்சியும் வரவழைக்கத் துப்பில்லாத ஒருவனுக்கு மகளைக் கொடுத்திருக்கிறோமே!

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் டீ குடிக்கக் கூப்பிட்டாள். மேலே போனால், கல்மேடு முழுக்கப் பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி அடர்ந்து கிடக்கிறது.

"எங்க புடிச்சீங்க மாப்ள?"

"நம்ம ஊர் நீச்சல்குளத்துல பம்ப் ரூம் இருக்கில்ல, அதோட பின்பக்கச் சுவர் மாமா. என்னா செழிப்பு! சுவரே தெரியல."

கான்ட்ராக்டர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அது அவர் பூசிய சுவர். கூட்டம் கூட்டி, தண்ணீரை வாரி இறைத்துக் காட்டி, பேரை மாற்றிக்கொள்வதாகச் சவால்விட்ட சுவர். மாப்பிள்ளைக்கு அது தெரியாது. தெரியாமல் சொன்னதுதான் அவருக்கு இன்னும் சுருக்கென்று தைத்தது.

மறுநாள் காலையில் ஆட்கள் யாரையும் கூட்டிக்கொள்ளாமல் போனார். கூட்டிப்போனால் அவர் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். சுவர் அடியிலிருந்து நுனிவரை மருந்தை அடித்தார். காய்ந்த பிறகு வந்து சுரண்டலாம் என்று, யார் கண்ணிலும் படாமல் வீட்டுக்கு வந்துவிட்டார்.

அந்த வாரமே மாப்பிள்ளை மறுபடி அங்கே போயிருக்கிறான். கல்மேட்டு மூலையில் கொஞ்சம் இடம் பாக்கியிருந்ததாம்.

"அப்பா! கொஞ்சம் மேல வாங்கப்பா!" என்று மகள் கத்திய குரலில் அவர் பதறிக்கொண்டு ஏறினார். மேனேஜரின் கண் இரண்டும் வீங்கி மூடியிருந்தன. கழுத்து கல்விளிம்பில் துவண்டு தொங்கியது. பக்கத்தில் புதுப்பாசி, ஓரமெல்லாம் பழுப்பேறி. அவர் குனிந்தார். அந்த வாடையைக் கண்ணைக் கட்டிவிட்டாலும் அவருக்குத் தெரியும்.

'ஒரு ஆமைதானே, போனா இன்னொண்ணு' என்று நினைத்துக்கொண்டுதான் அவர்களோடு கால்நடை டாக்டரிடம் போனார். ஏன் கூடப் போனார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

டாக்டரம்மா ஆமையைப் புரட்டிப் பார்த்தார். "புதுசா ஏதாவது உள்ள வெச்சீங்களா?"

"என் தப்புதான் டாக்டர்" என்று மாப்பிள்ளை ஆரம்பித்தான். விளக்கு சூடு அதிகமோ, தண்ணீர் மாற்றத் தாமதமோ, பாசியைச் சரியாக அலசவில்லையோ என்று ஒவ்வொன்றாகத் தன் தலையில் போட்டுக்கொண்டே போனான். கான்ட்ராக்டரால் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. செய்யாத தப்பை இப்படி வாரிக்கட்டிக்கொள்கிறவன் எல்லாம் ஓர் ஆம்பளையா!

"கொஞ்சம் சும்மா இருங்க மாப்ள" என்றார். "அந்தப் பாசியில மருந்து இருக்கு டாக்டர். நான் அடிச்சது. டப்பா வண்டியில கெடக்கு, கொண்டாரேன்."

டப்பாவில் அச்சடித்திருந்ததைப் படித்துவிட்டு டாக்டரம்மா ஆமையை நீரில் திரும்பத் திரும்பக் கழுவினார், கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டார். "நல்லவேளை, சொன்னீங்க" என்றார். அந்தப் பாராட்டு அவருக்கு வேண்டாததாக இருந்தது.

வண்டியில் திரும்பும்போது மகள் கேட்டாள். "அங்க போய் எதுக்குப்பா மருந்தடிச்சீங்க?"

"அது நான் பூசுன சுவரு."

"அதுக்கு?"

"பாசி புடிச்சிருந்துச்சு."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒரு சுவத்துக்கு இவ்வளவு ரோஷமா! தூ!" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அது அவருக்கு வலிக்கவில்லை. அவரே இன்னொருவரை அப்படித்தான் கேட்டிருப்பார். பெண் தன்னை உரித்துவைத்திருக்கிறாள் என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது.

வலித்தது மாப்பிள்ளை பேசியதுதான். ஓட்டிவந்த வண்டியை ஓரங்கட்டி, முன்சீட்டிலிருந்து திரும்பி, முகத்தைப் பார்த்து, நிறுத்தி நிறுத்தி, "பரவால்ல... மாமா. உங்களுக்கு... தெரியாதுல்ல" என்றான். அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால் பதிலுக்கு எட்டு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

ஆமை பிழைத்தது. முதலில் ஒரு கண் திறந்தது, அப்புறம் இன்னொன்று, அப்புறம் பழைய முறைப்பு. பம்ப் அறைச் சுவரை அவர் தன் கையாலேயே சுரண்டி மறுபடி பூசினார். இந்தத் தடவை யாரிடமும் சவால் விடவில்லை.

மாப்பிள்ளை அடங்கினானா? எங்கிருந்தோ சுத்தமான பாசி கொஞ்சம் தேடிப் பிடித்து வந்து, நாள்கணக்கில் அலசி, கல்மேட்டில் வலை கட்டி ஒட்டவைத்தான். கான்ட்ராக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுத் தொட்டி முன்னால் உட்கார்ந்தார். மேனேஜர் தண்ணீரிலிருந்து ஏறி வந்தது. ஒரு பார்வை பார்த்தது. முன்னங்காலால் ஒரே பிறாண்டு, வலையும் பாசியும் தண்ணீரில் விழுந்தன.

மாப்பிள்ளை பதறாமல் கையை விட்டு எடுத்து, பொறுமையாக மறுபடி ஒட்டப் போனான்.

"கைய எடுங்க மாப்ள" என்றார் கான்ட்ராக்டர். கண்ணை ஆமைமேலிருந்து எடுக்கவேயில்லை. "இந்த வீட்டுல அதுக்காவது வெவரம் தெரிஞ்சிருக்கு."