நாற்பத்தோராம் வீட்டுப் பேட்டி

இதில் ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை. லூயிஷாம் சிவன் கோயில் பக்கம் திரும்பி நின்று சத்தியம் செய்கிறேன். எல்லாம் என் இரண்டு கண்ணாலும் கண்டது.

துசியந்தி தொலைபேசியைக் காதில் வைத்தபடி சோஃபாவின் விளிம்பில் இருந்தாள். மகள் லக்‌ஷிகாவின் கலியாணத்துக்கு மண்டபம்கூடப் பிடித்தாயிற்று. மறுமுனையில் மாப்பிள்ளையின் தாய் சிவமலர்.

"பொருத்தம் சரிவரேல்லை, தங்கச்சி."

"போன கிழமை பத்துக்கு ஒம்பது எண்டு சொன்னீங்கள், அக்கா."

"அது சாத்திரம். இது வேற. உங்கட அப்பப்பாவை ஊர்க் கோயிலுக்குள்ள விடுறேல்லையாம். வெளிவீதியில நிண்டுதான் கும்பிட்டவராம்."

துசியந்தி அதை மகளுக்குக்கூடச் சொன்னதில்லை. லண்டனில் ஒரே ஒருவருக்குத்தான் சொன்னாள்: பல்கலைக்கழகத்துச் சமூக ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து ஒலிப்பதிவுக் கருவியோடு வந்த ஜீவரத்தினத்துக்கு.

அந்த நிறுவனம் ஐம்பது வருடத்துக்கு முன்னர் துடைப்பம் வைக்கும் அறையொன்றில் பிறந்தது. பேராசிரியர் மூச்சை உள்ளே இழுத்தால்தான் எழுத்தர் வெளியே விடலாம், அவ்வளவுதான் இடம். பிறகு ஆறு மாடியானது. மூன்றாம் மாடி வறுமைக்கு, நான்காம் மாடி சாதிக்கு. லண்டன் தமிழரிடம் சாதியை எப்படி ஒழிக்கலாம் என்று அறிய நானூறு வீடுகள் ஏறினார்கள். ஏறியவர் ஜீவரத்தினம் ஒருவர்தான். அவருக்குத்தான் தமிழ் தெரியும். துசியந்தியின் வீடு நாற்பத்தோராவது. பெயர் வெளிவராது என்று அவர் கையெழுத்திட்டுக் கொடுத்ததை நம்பி, அவள் அழுதழுது எல்லாம் சொன்னாள்.

ஆய்வு முடிந்ததும், கொடுத்த வாக்குப்படி நிறுவனம் பேட்டிகளை அழித்தது. ஜீவரத்தினத்தின் ஞாபகத்தை அழிக்க அதனிடம் இயந்திரம் இல்லை. வால்தம்ஸ்டோவிலிருந்து சவுத்தால் வரை எங்கே சம்பந்தம் பேசினாலும், சாதகம் பார்க்க முன்னம் அவருக்குத்தான் போன் போகும். "ஆராய்ச்சி விஷயம், சொல்லக்கூடாது" என்று தொடங்கி முழுவதும் சொல்லி முடிப்பார்.

பொன்விழாவில் நிறுவனத்தின் வரலாற்று நூல் வெளியானது. 'சமூகத்தின் நம்பிக்கையை வென்றவர்' என்று ஜீவரத்தினத்துக்குக் கேடயம் கொடுத்தார்கள். கேள்வி நேரத்தில், மகளோடு வந்திருந்த துசியந்தி எழுந்தாள்.

"அண்ணை, என்னைத் தெரியுதோ?"

"ஓம், ஓம். நாப்பத்தோராம் வீடு. நல்ல தேத்தண்ணி."

"உங்களை நம்பித்தானே சொன்னனான்."

"நான் கூட்டிக் குறைச்சு ஒண்டும் சொல்லேல்லை, தங்கச்சி. உள்ளதைத்தான் சொன்னனான்."

அவள் நிறுவனத்தின் இயக்குநர் பக்கம் திரும்பி, நடந்ததை ஆங்கிலத்தில் சொன்னாள். கலியாணம் குழம்பியதையும் அந்த வரலாற்றில் எழுதும்படி கேட்டாள். இயக்குநர் மிகவும் வருந்தினார். நூல் அச்சாகிவிட்டதாம், அதில் நாற்பத்தோராம் வீடு ஒரு வெற்றியாகவே பதிவாகியிருக்கிறதாம்.

"எத்தினையாம் பக்கம்?" என்று லக்‌ஷிகா கேட்டாள். மேசையிலிருந்த பிரதியில் அந்தப் பக்கத்தை விரித்து, நாற்பத்தொன்று என்ற எண்ணை வெட்டிவிட்டுத் தாயின் முழுப்பெயரை எழுதினாள். அதன் கீழே, தாயின் அப்பப்பா வெளியே நின்ற கோயிலின் பெயரை அவளிடம் கேட்டுக் கேட்டு எழுதினாள். பிறகு அடுத்த பிரதியை எடுத்தாள். ஒருவரும் தடுக்கவில்லை.

இவ்வளவையும் எனக்குச் சொன்னவர் ஜீவரத்தினம்.