கரிச்சட்டி உட்காரும் வரை

உட்காரேன், உனக்குப் புண்ணியமாய்ப் போகும்... என்று மனசுக்குள்ளேயே கெஞ்சிக்கொண்டு அவள் கோழிக்கூட்டின் முன்னால் குந்தியிருந்தாள், வாய்விட்டுச் சொன்னால் அந்தக் கறுப்புக்கோழி மிரண்டுவிடும், மூச்சுக்கூட மெதுவாகத்தான் விட வேண்டியிருந்தது. மூலையில் வைக்கோல் பரப்பி, வெளிச்சம் விழாமல் சாக்கைத் தொங்கவிட்டு, முட்டையென்று நம்பி உட்காரட்டும் என்று ஓர் உருளைக்கிழங்கையும் வைத்தாகிவிட்டது, இவளோ பிடிக்காத வீட்டுக்கு விருந்துக்கு வந்தவளைப் போல ஒற்றைக்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். நேற்றுவரை எழுந்திரு எழுந்திரு என்று விரட்டினாலும் எழாதவள்தானே இந்தக் கரிச்சட்டி? முட்டையே இல்லாத வெறுங்கூட்டில் அடைகிடந்தாள், ஒருநாள் பழைய செருப்பின்மேல்கூடச் சிறகை விரித்துப் படுத்துக்கொண்டு, கிட்டப் போனால் புறங்கையைக் கொத்தினாள். அடை கலையட்டும் என்று தண்ணீரில் முக்கியெடுத்து, கம்பிக்கூண்டில் போட்டு, அடிவயிற்றில் காற்றுப் படும்படி செங்கல்மேல் தூக்கிவைத்து... சனியனே, உனக்கு ஏன் இந்தப் பிடிவாதம் என்று வாய் ஓயாமல் திட்டினாளே, இன்றைக்கு அந்தச் சனியன்தான் தெய்வம், காலில் விழச் சொன்னாலும் விழுவாள்.

இன்னொரு கோழியான வெள்ளைச்சியை நம்பித்தான் முட்டைகளை வைத்திருந்தாள். மூன்று வாரமும் அவள் ஒழுங்காகத்தான் இருந்தாள், இரை தின்ன இறங்கினாலும் ஓடி வந்து படுத்துக்கொள்வாள், நாளையோ மறுநாளோ குஞ்சு வந்துவிடும் என்ற நேரத்தில், இன்று காலையில் எந்தத் தெருநாயோ உள்ளே புகுந்து பெட்டியையே கவிழ்த்துவிட்டது. விளக்குமாற்றோடு அவள் ஓடி வருவதற்குள் வெள்ளைச்சி சன்ஷேடில் ஏறி நின்று ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தாள், அரிசியைக் காட்டியும் இறங்கவில்லை, பயந்த கோழி இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்குமா? இரண்டு முட்டை உடைந்து கிடந்தன, உள்ளே இறகோடு... பார்க்காதே, அதைப் பார்க்காதே, மிச்சத்தைப் பார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மிச்சத்தைத் துண்டில் அள்ளினாள், இன்னும் சூடு இருந்தது, இருந்தது என்பதுதான் பயமே, எவ்வளவு நேரம் இருக்கும்? கரிச்சட்டி புது இடத்தில் பழகி உட்காரவே மத்தியானம் ஆகிவிடுமே, அதுவரை எங்கே வைப்பது, வெந்நீர்ப் பையில் வைத்தால் வெந்துவிடாதா, அந்தப் பையும் மாமாவின் அறையில் அல்லவா இருக்கிறது...

மாமா, அவள் கணவனின் அப்பா, போன மழைக்காலத்தில் வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தபின் இவர்களோடு வந்து இருக்கிறார். லேத் பட்டறையில் மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசிப் பழகிய மனிதர், இங்கே வந்ததிலிருந்து சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிட்டார். ஊட்டிவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு வாயை மட்டும் திறப்பார். கூச்சமா, என் கையால் சாப்பிடப் பிடிக்கவில்லையா என்று அவள் கேட்டதில்லை, கேட்டுவிட்டு என்ன செய்வது? பேருந்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கைக்காரர்கள் மாதிரி, முழங்கை இடிக்காமல், மரியாதையாக, இத்தனை மாதம் ஓடிவிட்டது. இன்றைக்குத் துண்டும் கையுமாகப் பதறிக்கொண்டு உள்ளே நுழைந்தபோதுதான் தலையைத் திருப்பினார்.

"என்னம்மா அது?"

"முட்டை மாமா. நாய் வந்து கலைச்சிருச்சு. வெள்ளைச்சி கிட்டயே வரமாட்டேங்கிறா. ஆறிப்போச்சுன்னா எல்லாம் செத்துரும், அதான் வெந்நீர்ப் பை..."

"பையெல்லாம் வேணாம். இங்க கொண்டா."

"எங்க மாமா?"

"போர்வைக்குள்ளதான். இந்தப் பக்கமா வை, உணர்ச்சி இருக்கிற பக்கம். நசுங்கினா எனக்குத் தெரியணும்ல."

தயங்கி நின்றாள். "அசையாம இருக்கணுமே மாமா..."

"அசையாம இருக்கிறதுல என்னைய அடிச்சுக்க ஆள் உண்டா?" வாய் ஒரு பக்கம் கோணினாலும் அது சிரிப்புத்தான், இந்த வீட்டில் அவர் சிரித்து அவள் பார்த்த முதல் சிரிப்பு. ஒவ்வொன்றாக விலாவுக்கும் கைக்கும் நடுவில் செருகினாள், அவர் முழங்கையை மெல்ல மடக்கி அணைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்துக் கணவன் வேலையிடத்திலிருந்து போன் செய்தான், விஷயத்தைக் கேட்டுவிட்டு, இதுக்கா இவ்வளவு பதறுற, கடையில முட்டையா கிடைக்காது என்றான், ஸ்பீக்கரில் அது அவர் காதிலும் விழுந்துவிட்டது. "கூமுட்டை," என்றார் கூரையைப் பார்த்து, "என்னையச் சொல்லாத, அடைகாத்தது உங்க அத்தை."

இப்போது அதை நினைக்க நினைக்கச் சிரிப்பு வந்தது, கூட்டின் முன்னால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்போதுதான் கவனித்தாள், கரிச்சட்டி குனிந்து கிழங்கை அலகால் ஒரு புரட்டுப் புரட்டினாள், இன்னொரு புரட்டு, பிறகு எங்கோ யாரோ பெயர் சொல்லி அழைத்ததுபோல அப்படியே சிறகை அகட்டி, இறங்கி, அமர்ந்தாள். கிளுக்... கிளுக்... என்று தொண்டைக்குள் அந்தச் சத்தம். ஐயோ மகராசி, நல்லாயிரு!

உள்ளே ஓடினாள். மாமா வைத்த வாக்கில் கிடந்தார், நெற்றியெல்லாம் வியர்வை, மின்விசிறியைக்கூட வேண்டாமென்று சைகை காட்டியிருந்தார். "ஒண்ணு பேசுதும்மா," என்றார் ரகசியம்போல. அவள் மண்டியிட்டுக் காதை வைத்தாள், ஓட்டுக்குள்ளிருந்து கீச்சென்று, நூல் மாதிரி ஒரு குரல். இரண்டு பேரும் அதையே கேட்டார்கள், மருந்து வாசமும் வியர்வை வாசமும் வைக்கோல் வாசமும் கலந்து, எவ்வளவு நேரமோ... பிறகு ஒவ்வொன்றாக எடுத்துப்போய்க் கரிச்சட்டியின் வயிற்றுக்கடியில் தள்ளினாள், அவள் கொத்தவில்லை, அலகால் இழுத்து இழுத்து உள்ளே சேர்த்துக்கொண்டாள், தன்னுடையது இல்லை என்று தெரியாதா, தெரிந்தால்தான் என்ன? கடைசி முட்டையில் சின்னதாய் ஒரு விரிசல், அதன் நடுவில் அரிசிமுனை அளவுக்கு ஓர் அலகு அசைந்தது. இந்தப் பிடிவாதக்காரிக்கு, அந்த வியர்வைக்கு, ஏன், அந்தப் பாழாய்ப்போன நாய்க்குக்கூட ஒரு கும்பிடு போடலாம் போலிருந்தது அவளுக்கு.

சொல்ல வேண்டுமே என்று திரும்பி வந்தால் அவர் தூங்கிப்போயிருந்தார், இந்த முறை சுவர்ப்பக்கம் திரும்பாமல் வாசல் பக்கம் முகம் வைத்து, கை மட்டும் ஒன்றுமில்லாத இடத்தை இன்னும் அணைத்தபடி வளைந்திருந்தது. மின்விசிறியைப் போட்டாள். தலைமாட்டில் தண்ணீர்ச் செம்பு காலையில் நிரப்பிய மட்டத்திலேயே இருந்தது. மற்ற நாளில் இந்நேரத்துக்குள் எத்தனை தடவை, தண்ணி, தண்ணி என்று கூப்பிட்டிருப்பார், அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்து கொடுத்தால் உதட்டை நனைத்துக்கொண்டு போதும் என்பார், இதற்கா கூப்பிட்டார் என்று அலுத்துக்கொண்டே போவாள்... இன்றைக்கு ஒருமுறைகூடக் கூப்பிடவில்லையே? இவ்வளவு வியர்த்தும்? அப்படியென்றால் இத்தனை மாதமும் அவருக்கு எடுத்தது தாகம்தானா?

அடுப்படியில் வேலை கிடந்தது, அவள் போகாமல் ஸ்டூலை இழுத்துக் கட்டிலோரம் போட்டு உட்கார்ந்தாள்.