திருப்பிக் கேட்கக் கூடாத பாட்டு

என் அக்கா மகள் டெர்வ்லாவின் ஒன்பது வருட வாழ்க்கை நாலாயிரத்து இருநூறு யூரோவுக்கு விலைபோனது. பேரத்தை முடித்து வைத்தவன் நான். குதிரையாக இருந்தால் இன்னும் முந்நூறு ஏற்றியிருப்பேன். குதிரைக்குப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாம், பாட்டுக்காரிக்கு எதைப் பார்ப்பது?

‘சேற்றுக் குதிரைகள்’ என்ற இசைக்குழுவை விட்டு அவள் விலகிய நாள் அது. குழுவின் பெயர், டிரம்ஸ், வேன், பாட்டுகளின் உரிமை எல்லாம் கிதார்க்காரன் லோர்கனுக்கு. காசு இவளுக்கு. கையெழுத்தானதும் லோர்கன் கோட்டை மாட்டினான்.

"இருடா, அதிர்ஷ்டக் காசு வாங்கிட்டுப் போ" என்றாள் டெர்வ்லா.

டப்ளின் பையன், முழித்தான். எங்கள் ஊர் பாலினஸ்லோவின் குதிரைச் சந்தையில் விற்றவன் கொஞ்சத்தை வாங்கியவன் கையில் திருப்பி வைக்காமல் பேரம் முடியாது. வைத்ததைப் பின்னால் திருப்பிக் கேட்டால் விற்றவன் உருப்படமாட்டான். அவள் அப்பா மார்ட்டின் இதில் வெகு கறார். அந்த மனிதர் செத்து அப்போது மூன்று மாதம்கூட ஆகவில்லை.

நான் இருபது யூரோவை எடுத்து நீட்டினேன். அவள் தடுத்தாள்.

"காசு வேணாம் மாமா. ஒரு பாட்டு தரேன்." குதிரைக் கயிறும் கையுமாகச் சந்தையில் திரிந்த அப்பாவைப் பற்றிப் பாதி எழுதி வைத்திருந்த ‘கயிறு’ என்ற பாட்டு. "இத என்னால அழாம பாட முடியல லோர்கன். நீயே வச்சுக்க."

அவன் அதற்கொரு பல்லவி கட்டி, டிரம்ஸ் போட்டான். இன்று அந்தப் பாட்டு ஒலிக்காத கல்யாணம் கிடையாது, பெட்ரோல் பங்க் கிடையாது.

டெர்வ்லா தனியாக இரண்டு இசைத்தட்டு போட்டாள். என் காரில்தான் ஊர் ஊராகப் போவோம். அவள் பாடுவாள், நான் வாசல் மேசையில் தட்டு விற்பேன். எந்த ஊரானாலும் நடுவில் ஒருவன் "கயிறு பாடு!" என்று கத்துவான். "அது என்னோடது இல்லீங்க" என்பாள். ஜோக் என்று நினைத்துச் சிரிப்பார்கள். அப்புறம் நாற்காலிகள் காலியாகும்.

போன அக்டோபரில் எங்கள் சந்தை வாரம். ஞாயிறு மதியம் ஹேனிஃபி பப்பின் பின் அறையில் கூலி இல்லாமல் பாட ஒப்புக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் அப்பாவத் தெரிஞ்சவங்க மாமா. இங்கயும் கேட்டுச் சிரிச்சாங்கன்னா கிதார வித்துடுவேன். நீங்களே விலை பேசுங்க."

விளையாட்டுக்குச் சொல்கிற முகமாக இல்லை அது.

அறை நிறையச் சந்தைக்காரர்கள், பூட்ஸ் நிறையச் சேறு. மூன்றாவது பாட்டு முடிந்ததும் கிழட்டுத் தரகர் பேட்சி டூஹி எழுந்தார்.

"போதும் பொண்ணே, உங்கப்பன் பாட்டப் பாடு!"

டெர்வ்லா கிதாரை மடியில் சாய்த்தாள்.

"அத அதிர்ஷ்டக் காசா கொடுத்துட்டேன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. பேட்சி தொப்பியைக் கழற்றினார். "தெரியாம கேட்டுட்டேம்மா" என்றார்.

"யாருக்குக் கொடுத்தே?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"டப்ளின்காரனுக்கு."

"போச்சு! அவனுக்குக் குதிரைக்கு முன்பக்கம் எதுன்னே தெரியாதே!"

அதற்குத்தான் சிரித்தார்கள். பிறகு அவளுடைய புதுப் பாட்டுகளைக் கடைசிவரை கேட்டார்கள், கைகளை மடியில் வைத்துக்கொண்டு, இழவு வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல.

முடிந்ததும் பேட்சி என் மேசைக்கு வந்தார்.

"தட்டு என்ன விலை?"

"இருபது."

"பன்னெண்டு."

"மார்ட்டின் மகளோடது, பேட்சி!"

"அதனாலதான் பன்னெண்டு. இல்லேன்னா எட்டு."

பதினாறில், சந்தை வழக்கப்படி எச்சில் தொட்டுக் கையடித்தோம். இரண்டு யூரோவை அவர் உள்ளங்கையில் வைத்தேன். தட்டைப் போட்டுக் கேட்க அவர் வீட்டில் கருவி கிடையாது என்பது ஊருக்கே தெரியும். போகிற போக்கில் டெர்வ்லாவிடம் குனிந்தார். "புதுசும் நல்லாத்தான் இருக்கு. ஆனா நீ கையவிட்டுக் கொடுத்தாதான் பாட்டு ஓடும்போல." ஆறுதலாகத்தான் சொன்னார் பாவம்.

காரில் ஏறினோம். மழை.

"கிதாருக்கு ஆள் பாக்கவா?" என்றேன்.

"இங்க யாரும் சிரிக்கல மாமா." கொஞ்ச தூரம் போனதும் கேட்டாள்: "சனிக்கிழமை எங்க?"

"ஸ்லைகோ."

"அங்க சந்தைக்காரங்க வரமாட்டாங்க இல்ல?"

வரமாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். பதிலுக்கு ரேடியோவைத் திருகினேன். கேட்கவா வேண்டும், கயிறுதான். அணைக்கப் போன என் கையை அவள் பிடித்துக்கொண்டாள். அவள் எழுதிய வரிகளுக்கு உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. லோர்கன் கட்டிய பல்லவி வந்ததும் உதடும் நின்றுவிட்டது.

அன்றைய கணக்கு: தட்டு ஒன்று, பதினாறு. அதிர்ஷ்டக் காசு இரண்டு போக வரவு பதினாலு. சனிக்கிழமைக்கும் சேர்த்துப் போட்ட டீசல் முப்பது. துண்டு விழுந்தது பதினாறு யூரோ, அதை நான் போட்டுக்கொண்டேன். பாட்டு ஒன்று வெளியே நிற்கிறது. அதை வசூலிக்க வழியில்லை.